இழை அறுந்தால்தான் கப்பல் ஓடும்

கடற்படைத் தளபதி ஒருவரைப் பற்றிய அந்தப் பெரிய சரித்திரக் கதையை, மூன்று பாகத்தையும், ஒரு வரி விடாமல் படித்தவன் ஆரணியிலேயே நான் ஒருத்தன்தான்.

இது பொய். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும். அதிலும் பாதி நாள் வெளியே நின்றேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் வரியின் கடைசிக்கு வரும்போது முதல் வார்த்தை மறந்துபோயிருக்கும். அந்தக் கதையை நான் காதால் கேட்டதோடு சரி. அதையும் முழுசாகக் கேட்கவில்லை. வம்பு வந்ததே அதனால்தான்.

எங்கள் முதலாளி வீட்டுக் கூடத்தில் நாலு பட்டுத் தறி. நெய்கிறவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டே இருந்தால் வேலை கெடும் என்று, சாப்பாட்டுக்கு அப்புறம் அவரே நடுவில் பாய் போட்டு உட்கார்ந்து கதை படிப்பார். கதை கேட்கிறவன் பேச மாட்டான் என்பது அவர் கணக்கு. என் தறி கொல்லைக் கதவுப் பக்கம், கடைசி. மிதித்து, ஊடு நூல் சுற்றிய நாடாவை விட்டு, பலகையை அடித்தால் என் சத்தமே எனக்குக் காது நிறைய இருக்கும். இழை அறுந்தால் தறி நிற்கும். நின்றால் முதலாளியின் குரல் வரும். அறுந்த முனையைத் தேடி முடிச்சுப் போடுகிற வரைக்கும் எனக்குக் கதை. மறுபடி மிதித்தால் கப்பல் போய்விடும்.

கடல் சண்டை படித்த வாரம் என் தறியில் இழை ரொம்ப அறுந்தது. சில இழைகள் தானாக அறுந்தன. மற்ற இழைகளைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

அந்தக் கதையைத்தான் சினிமாவாக எடுத்தார்கள். மெட்ராஸில் ஓடி ஓய்ந்து எங்கள் கொட்டகைக்கு வந்தபோது ஊரே கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. நாங்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் கடலுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் என்றால் அது உப்பு மூட்டைதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று டீக்கடையில் ஆளுக்கு ஆள் தளபதியாக இருந்தோம்.

இதில் இரண்டு கட்சி. புத்தகக் கட்சிக்கு என் முதலாளி. படக் கட்சிக்கு, கதாநாயகனின் ரசிகர் மன்றத் தலைவர். அவரும் நெசவுக்காரர்தான், பக்கத்துத் தெரு. அவருடைய தங்கையைத்தான் எங்கள் வீட்டில் எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். "படம் ஓடி முடியட்டும், அப்பால பேசலாம்" என்று சொல்லியிருந்தார். ஆக, ஒரு பக்கம் தறியில் பூட்ட எனக்குப் பாவு நூல் கொடுக்கிறவர், இன்னொரு பக்கம் பெண் கொடுக்கப் போகிறவர். நான் நடுவில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அமாவாசை அன்று தறிக்கு லீவு. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். படத்தின் கடைசியில், கப்பல் முழுகினாலும் கதாநாயகன் நீந்திக் கரையேறி இளவரசியோடு பாட்டுப் பாடுகிறான்.

"படமாய்யா இது? புஸ்தகத்துல கப்பலோட சேந்து முழுகிப் பூட்றான். கெடுத்துட்டானுங்க" என்றார் முதலாளி.

"இன்னா மொதலாளி, எங்காளு முழுகறதா? எங்க, புஸ்தகத்த எட்தாந்து காட்டு" என்றார் மன்றத் தலைவர்.

"கடைசி பாகத்த எம்மச்சான் வேலூருக்கு எட்துகினு பூட்டான்."

"அப்போ சாட்சி வேணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மாசமாக அந்தக் கடையில் கதையை அளந்தவன் நான் அல்லவா?

"நீதான் மூணு பாகமும் கரைச்சிக் குடிச்சவனாச்சே. சொல்லுபா, செத்தானா பொழச்சானா?" என்றார் எனக்குப் பெண் கொடுக்க வேண்டியவர்.

செத்தான் என்றால் கல்யாணம் முழுகும். பிழைத்தான் என்றால் முதலாளி முறைப்பார். அதைவிடப் பெரிய பேஜார், எனக்கு மெய்யாகவே தெரியாது. கடைசி அத்தியாயம் படித்த அன்று என் தறி நிற்கவே இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"தெரியாதுண்ணே. அன்னிக்கு என் பாவுல இழையே அறுவல."

கடை சிரித்தது. மன்றத் தலைவர் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இரு இரு. நாள் பூரா ஒரு இழைகூட அறுவலியா?"

"ஆமாண்ணே."

"பட்டுப் பாவுலியா?"

"ஆமாண்ணே."

என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் புதுசாகப் பார்த்தார். நாள் பூரா இழை அறாமல் நெய்கிறவன் என்றால் கை எப்படிப்பட்ட கை! கதாநாயகன் செத்தானா என்பதையே விட்டுவிட்டார். "தங்கச்சிய குடுக்கறதுன்னா ஆளப் பாத்தா குடுப்பாங்க? கையப் பாத்துதான்" என்று எனக்கு இன்னொரு டீ சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரியாது என்று சொன்னதற்கு ஒருத்தர் என்னை மெச்சினார்.

முதலாளி விடுகிற ஆளா? "ஏம்பா, கதை கேட்டா தறி நின்னுதுன்னு அர்த்தம். அப்போ அந்தக் கடல் சண்டைய மட்டும் இவன் எப்பிடி ஒப்பிக்கிறான்னு கேளு" என்று மீசையைத் தடவினார்.

"எனக்கு அந்தச் சண்டையே தெரியாதுண்ணே" என்றேன் அவசரமாக. அதே பெஞ்சில் உட்கார்ந்து அதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

மன்றத் தலைவர் தலையாட்டினார். என்னை நம்பியவர் மாதிரியே டீயை உறிஞ்சினார். அப்புறம் யாரையோ கேட்பது போலச் சொன்னார்: "படத்துல அத்த ஒரே பாட்டுல முடிச்சிட்டாங்க. புஸ்தகத்துல நெருப்பு அம்பு மொதல்ல நம்ம கப்பல் மேலதான வுழுதாம்?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடியிருந்தால் நான் நானா?

"இன்னாண்ணே நீ! அவங்க பாய் மேலதான் மொதல்ல வுழுது. பாய் எரிஞ்சிகினே சாயுது, பின்னால வந்த கப்பல் அதுல சிக்குது. நம்மாளு கீழ குதிச்சி, சுக்கானப் புடிச்சி..." என்று பெஞ்சின் மேலேயே ஏறி நின்று, இரண்டு கையாலும் சுக்கானைத் திருப்பி, கப்பலைக் கப்பலோடு மோதவிட்டு, கடைசி எதிரி தண்ணீரில் விழுகிற வரைக்கும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். முதலாளி விரலை மடக்கி, அறுந்த இழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மன்றத் தலைவர் மெதுவாக எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என் பக்கம் திரும்பி...

"இன்னாங்க! இன்னும் அந்தக் கப்பல்லியே குந்திகினு கீறீங்களா? பாவு தெருவுல நீட்டிக் கெடக்குது, அந்தாண்ட முனைய எங்கண்ணன் மன்றத்தக்கூட வுட்டுட்டு வந்து ஒண்டியாப் புட்சிகினு கத்துறாரு. ஜல்தி வாங்க!"

வரேன்மா, வரேன்.