தோணியில் தப்பிய உளவாளி

கட்டாரில் ஒன்பது வருடம் வீட்டுவேலை செய்த ஹப்ஸா, ஏறாவூரிலிருந்த மகளுக்கு வெள்ளிதோறும் தவறாமல் அனுப்பியது ஓர் உளவாளியின் கதையைத்தான்.

ஆறு வயது நிஸ்றாவிடம் ஃபோனில் "சாப்பிட்டீங்களா, பள்ளிக்கூடம் போனீங்களா" என்று கேட்டபின் பேச எதுவும் மிஞ்சாது. பிள்ளை ஃபோனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடும். பெரியம்மா என்றால் ஹப்ஸாவின் ராத்தா ஆயிஷா. நிஸ்றாவை வளர்த்தவள் அவள்தான். அப்படி ஓடவிடாமல் பிடித்து வைக்கத்தான், முதலாளி வீட்டார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பழைய அரபு நாடகத்தை ஹப்ஸா சொல்லத் தொடங்கினாள். பொய்ப் பெயரோடு எதிரி நாட்டில் வாழும் ஒருவனின் கதை. "நானும் அவங்களோட சோபாவில இருந்துதான் பாக்கிற" என்றும் சேர்த்துக்கொள்வாள். வீட்டில் யாரும் கவலைப்படக் கூடாது.

அவள் ஊர் திரும்பி நாலு வருடம். பத்தொன்பது வயது நிஸ்றா இன்னமும் எதற்கும் முதலில் பெரியம்மாவைத்தான் தேடுவாள். அதே நிஸ்றாதான் போன மாதம் அந்த நாடகத்தை யூடியூப்பில் கண்டுபிடித்தாள்.

"உம்மா, முப்பது பாகமும் இரிக்கி. வெள்ளி பின்னேரத்தில எல்லாரும் பாப்பம். நீங்க தமிழ்ல சொல்லுங்க."

ஹப்ஸாவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தையில் மீன் விற்கும் கணவன் நிஸ்தார், அவள் இருந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதன், இப்போது "என்னவாம், என்னவாம்" என்று அவள் வாயையே பார்த்தான்.

"இவனெல்லாம் ஒரு உளவாளியா? முகத்திலயே எழுதியிரிக்கி. எங்கட சந்தையில விட்டா அரை மணித்தியாலத்தில பிடிச்சிருவானுகள்."

"நீங்க அவனுக்குக் கூனிறால் வித்துப் போட்டுத்தான் பிடிப்பீங்க" என்றாள் ஆயிஷா.

நிஸ்றா சிரித்துக்கொண்டே உம்மாவின் தோளில் சாய்ந்தாள். அந்தப் பாரம் ஹப்ஸாவுக்குப் புதிது. அதனாலேயே ஆறாம் பாகத்தைத் தள்ளிப்போடப் பார்த்தாள். உளவாளி தப்பிப்போகும் இடம் அதில் வருகிறது. "இது பழசு மகள், வேற ஏதும் பாப்பமே" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். நிஸ்றா கேட்கவில்லை.

ஆறாம் பாகம் ஓடியது. ஒரு ரயில் நிலையம். தொப்பி போட்ட உளவாளி பெட்டியோடு வந்தான், டிக்கெட் எடுத்தான், ரயிலில் ஒரு கால் வைத்தான்.

"தோணி எங்ககா ஹப்ஸா?" என்றாள் ஆயிஷா. "விடியச் சாமத்தில ஆத்தால போறான், வலைக்குக் கீழ ஒளிச்சி மீன்காரன் கொண்டுபோறான் எண்டெல்லாம் சொன்ன?"

நிஸ்றா நாடகத்தை நிறுத்தினாள். "ஓம் உம்மா, அந்த மீன்காரன் எங்க?"

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் உதிர்ந்துவிடும் என்று ஹப்ஸாவுக்குத் தெரியும். சுகமாயிருக்கிறேன், வயிறாரச் சாப்பிட்டேன், எல்லாரும் பாசம். ஒன்பது வருடம் மகளுக்குச் சொன்ன அத்தனையும். ஆனால் வேறு என்ன சொல்ல?

"அப்பிடி ஒருத்தன் இல்ல மகள். நான் இந்த இடத்தப் பாக்கல்ல. சோபாவில ஒருநாளும் இருந்ததுமில்ல. குசினி வாசல்ல தட்டத்தோட நிண்ட நான். ஆக்கள்ற கிளாஸ்ல தேத்தண்ணி முடிஞ்சா எடுக்கக் குசினிக்குள்ள போகணும். வந்து பாத்தா அவன் வேற ஊர்ல இரிப்பான். நடுவில என்ன நடந்ததெண்டு நானாத்தான் போட்ட."

நிஸ்தார் தரையைப் பார்த்தான்.

"ஏன் தோணி?" என்று கேட்டாள் நிஸ்றா.

"உங்களுக்குத் தெரிஞ்சதாச் சொல்லணுமெண்டு நினைச்ச. ஆறு தெரியும்தானே."

"வகுப்பு முழுக்க அந்த மீன்காரன்ட கதையத்தான் சொல்லித் திரிஞ்ச நான்" என்றாள் நிஸ்றா. "இந்த ரயில யாரு கேப்பாங்க."

அவள் ரிமோட்டைப் பெரியம்மாவிடம் நீட்டிவிட்டு, உம்மாவின் பக்கம் முழுதாகத் திரும்பிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நாடகம் பிறகு பாப்பம். அங்க நீங்க இருந்த கதையச் சொல்லுங்க. சோபா போடாம."

ஹப்ஸா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. பெரிய கதையாக எதுவும் நடக்கவுமில்லை.

"காலையில நாலரைக்கு எழும்பணும்" என்றாள்.

"ம்ம்" என்றாள் நிஸ்றா, "எழும்பி?"