உயரனும் கட்டையனும்

பழைய வான், கார் விற்கும் இடத்துக்கு வருகிற சனம் முதலில் உதைப்பது ரயரை. அடுத்தது, பக்கத்தில் நின்று வாகனம் காட்டுகிற பெண்பிள்ளையை.

பட்டம் எடுத்துவிட்டு, "அரசாங்க நியமனம் வரும்வரைக்கும்" என்று வீட்டுக்குச் சொல்லி, கிடைத்த வேலையில் நிற்பவர்களுக்கு நான் எழுதுவது விளங்கும். எங்கள் பேசாலை வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது புவியியல். வேலை கிடைத்தது மன்னார் பாலத்துக்குக் கிட்ட, கடல் காற்று நேரே அடிக்கிற ஒரு வளவில் இருந்த கார் சேலில். கணக்கு எழுதும் கந்தோர் வேலை என்றுதான் எடுத்தார்கள். முதலாளி பாதி நேரம் வாகனம் தேடி வெளியூர் போய்விடுவார். அப்போது வருகிறவர்களுக்கு வாகனத்தைத் திறந்து காட்டி, கேட்டதற்குப் பதில் சொல்லி, பேச்சு வாங்குவதும் என் வேலையானது.

அந்த நாட்களில் வளவின் முன்பக்கத்தில் இரண்டு குடும்ப வான்கள் அருகருகே நின்றன. ஒன்றுக்கு உயர்ந்த கூரை, தள்ளுகதவு, முகம் பார்க்கலாம் போல மினுக்கம். அதற்கு நாங்கள் உயரன் என்று பெயர் வைத்தோம். மற்றதற்குத் தாழ்ந்த கூரை, கதவில் ஒரு நீளக் கீறல், சீற் துணியும் வெளிறிப் போயிருந்தது. அது கட்டையன். ஆனால் விலையில் கட்டையன்தான் கூட. "வடிவான வான் ஏன் மலிவு?" என்று கேட்காத ஆளில்லை. முதலாளி எனக்குச் சொல்லித் தந்த பதில், "ஓடின தூரம் கூட" என்பது. நானும் அதையே நம்பி எல்லோருக்கும் ஒப்புவித்தேன்.

ஆம்பிளை இல்லாத இடம்

வெள்ளாங்குளத்தில் இருந்து ஒருவர் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வானையும் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் போய், எஞ்சின், கியர், காப்புறுதி, முந்தி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் சொன்னேன். வருகிறவர் கேட்கக்கூடியதை எல்லாம் முதல் நாளே பாடமாக்கி வைத்திருப்பது என் பழக்கம். சோதனைக்குப் படித்த பயம் இன்னும் போகவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்றார்.

அங்கே இருந்த ஒரே ஆம்பிளை நிசாம் நானா. வாகனம் கழுவுவதும், கீறல் மறைப்பதும், வர்ணம் பூசுவதும் அவர் வேலை. கையில் வாளியோடு வந்தார். எஞ்சினைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். "எனக்கு அது தெரியாது, எல்லாம் அந்தத் தங்கச்சிக்குத்தான் தெரியும்" என்றார் நானா. நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறேன். வந்தவர் நானாவின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்ப அந்தப் பிள்ளையிட்டக் கேட்டு எனக்குச் சொல்லுங்கோ."

ஒரு படகு

விடத்தல்தீவில் இருந்து வந்த சேவியர் அண்ணையும் றோசலின் அக்காவும் அப்படியானவர்கள் இல்லை. வந்ததும் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தாங்கள் நின்றார்கள். சேவியர் அண்ணைக்கு முதுகெலும்பு பிசகி, இனிக் கடலுக்குப் போகவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். படகையும் எஞ்சினையும் விற்று ஒரு வான் வாங்குவது அவர்களின் யோசனை. காலையில் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது, ஞாயிற்றுக்கிழமை தங்கள் குடும்பத்தோடு பூசைக்குப் போவது. றோசலின் அக்கா வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் கதைத்தும் வைத்திருந்தார்.

அண்ணைக்கு உயரன் பிடித்துவிட்டது. பிள்ளைகள் தலை இடிக்காமல் ஏறலாம் என்றார். அக்கா என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். எனக்கும் அன்று உயரன் நல்லதாகத்தான் பட்டது. அதைச் சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறோம் என்று புறப்பட்டார்கள். வாசல் படலை வரைக்கும் போன அக்கா திரும்பி வந்து என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ பிள்ளை. எங்களிட்ட இருக்கிறது ஒரு படகு. அதை ரெண்டு தரம் விக்க ஏலாது."

மடுவுக்குப் போகும் பானை

ஒரு குடும்பம் அளவு பார்க்க வந்தது. நாடாவோடு வரவில்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் கொண்டு போகும் சோற்றுப் பானை, அடுப்பு, பாய்கள், மாமி, சித்தி, சித்தியின் பிள்ளைகள் என்று சகலதோடும் வந்தது. இரண்டு வானிலும் மாறி மாறி ஏற்றினார்கள், இறக்கினார்கள். கட்டையனின் கதவுக்குள் பானை போகவில்லை. உயரனின் படியில் மாமியின் கால் ஏறவில்லை. பிறகு வெக்கையாய் இருக்கிறது என்று ஏசியைப் போடச் சொல்லி, இரண்டு வானிலும் பிரிந்து இருந்து, கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சலையும் அவிழ்த்தார்கள்.

ஏசிக்கு எரிந்த எண்ணெய்க் காசை முதலாளி என்னிடம்தான் கேட்பார். பருப்புக்கறி ஊற்றிய சீற்றை நான் துடைத்துக்கொண்டிருக்க, அந்தச் சித்தி மிக நியாயமாகக் கேட்டார்:

"பானைக்கு அது சரி, மாமிக்கு இது சரி. ரெண்டையும் வெட்டி ஒட்டித் தர மாட்டியளோ?"

பிரான்சில் இருந்து ஒரு கண்

அடுத்தவர், தான் ஒன்றையும் பார்க்கத் தேவையில்லை என்றார். காசு போடுவது பிரான்சில் இருக்கும் தம்பி. ஆகவே தம்பிதான் பார்ப்பார், வீடியோ கோலில். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அண்ணன் நிழலில் போய் நின்றார். தம்பி என்னை முன்னுக்கு நடத்தினார், பின்னுக்கு நடத்தினார், கூரைக்கு மேலே கை உயர்த்தச் சொன்னார். கடைசியில், "அடிப்பக்கம் காட்டுங்கோ" என்றார்.

கந்தோருக்கென்று தோய்த்து மடித்துப் போட்ட சுடிதாரோடு மண்ணில் படுத்து, உயரனுக்குக் கீழே தவழ்ந்தேன். "இன்னும் உள்ளுக்கு, இன்னும் உள்ளுக்கு" என்று கட்டளை வந்துகொண்டே இருந்தது. அடி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தது. துருவே இல்லை என்று தம்பிக்குப் பெரிய சந்தோசம். தூசியும் தலையுமாய் நான் வெளியே வந்தபோது, தொலைபேசி என் கையில் இருக்கும்போதே அவர் தமையனுக்குச் சொன்னார்:

"அண்ணை, அடி சோக்காக் கிடக்கு, கறள் ஒரு பொட்டும் இல்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் போன் பிடிக்கத் தெரியேல்லை."

உயிலங்குளத்து மூக்கு

நெல் விற்ற காசோடு உயிலங்குளத்தில் இருந்து ஒரு கமக்காரர் வந்தார். நல்ல வெயில். காலையில் இருந்து பூட்டிக் கிடந்த உயரனின் கதவை நான் தள்ளித் திறந்தேன். ஏறப் போனவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். "மீன் ஏத்தின வான்" என்றார்.

நான் உள்ளே தலையை விட்டு மணந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிசாம் நானாவுக்கும் ஒன்றும் இல்லை. கரையோரத்துச் சனத்தை நக்கல் பண்ணுகிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மீன்பிடிகாரன் மகள், மீன் மணம் எது என்று எனக்குத் தெரியாதோ என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்களுக்கு மணக்காது பிள்ளை. பிறந்ததில இருந்து அதுக்குள்ளதானே இருக்கிறியள்."

விரிப்புக்குக் கீழே

அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உயரனுக்குள் ஏறி, நடுச் சீற்றடியில் றப்பர் விரிப்பைத் தூக்கினேன். கீழே ஒரு பலகை. பலகைக்குக் கீழே தகடு, அதிலும் கறுப்புப் பூச்சு. பெருவிரலால் அமத்தினேன். இரும்பு ஈரமான கடதாசி மட்டை போல உள்ளே போய்விட்டு வந்தது. பிள்ளைகள் கால் வைக்கிற இடம் அது.

நிசாம் நானாவைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். சீற் பூட்டுவதற்கு முதல் அது மீன் பெட்டி ஏற்றி ஓடிய வான். ஐஸ் தண்ணீரும் உப்பும் ஊறி ஊறித் தகட்டைத் தின்றுவிட்டது. "பூசச் சொன்னாங்க, பூசினேன் தங்கச்சி" என்றார். மலிவுக்குக் காரணம் அதுதான். ஓடின தூரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இத்தனை நாளும் வந்த சனத்துக்கெல்லாம் நான் மனப்பாடம் செய்து ஒப்புவித்தது முதலாளியின் பொய்.

முதலாளி வந்ததும் கேட்டேன். வேலை போனால் அம்மாவுக்கு என்ன சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். அவர் சிரித்தார். கடலோரத்தில் எந்த வாகனத்தில்தான் கறள் இல்லை என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"படிச்ச பிள்ளை, ஒழுங்கா நிக்கும் எண்டுதான் எடுத்தனான். விரிப்பைத் தூக்கிப் பாக்கவோ உனக்குச் சம்பளம்?"

கொமிசன்

சேவியர் அண்ணையும் றோசலின் அக்காவும் திரும்பி வந்தார்கள். படகுக்கு ஆள் சரிவந்துவிட்டது, அன்றைக்கே உயரனுக்கு முற்பணம் கட்டுவதாக வந்திருந்தார்கள். முதலாளி தானே எழும்பிப் போய்க் கை குலுக்கினார், சோடா எடுப்பித்தார், பற்றுச்சீட்டு எழுதக் கந்தோருக்குள் போனார்.

நான் மெதுவாக, "அக்கா, உயரன் வேண்டாம். அதின்ர தரை உக்கிப்போச்சு. எடுக்கிறதெண்டால் கட்டையனை எடுங்கோ" என்றேன். அக்காவின் முகம் மாறியது. அண்ணை, "போன முறை நீங்கள்தானே உது நல்லதெண்டு சொன்னியள்?" என்றார். அப்போது எனக்குத் தெரியாது என்றேன். அவர் கட்டையனின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார். பிறகு உயரனின் விலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் ஏமாந்த மனிசன் பார்க்கிற பார்வை அது. கோபமே இல்லாமல் கேட்டார்:

"கட்டையனை வித்தா உங்களுக்குக் கொமிசன் எவ்வளவு பிள்ளை?"

தகடு

எனக்கு வந்த கோபத்தை என்னென்று சொல்வது? ஊரெல்லாம் என்னிடம் பொய்யை வாங்கிக்கொண்டு தலையாட்டியது. முதன்முதலாக உண்மையைச் சொன்னால் கொமிசன் கேட்கிறார்கள். அவரில் கோபம், முதலாளியில் கோபம், அந்தக் கறுப்பு வர்ணத்தில் கோபம். நிசாம் நானாவின் சாமான் பெட்டி திறந்து கிடந்தது. பெரிய ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு உயரனுக்குள் ஏறினேன். விரிப்பை இழுத்தேன், பலகையைத் தூக்கி எறிந்தேன். தகடு கறுப்பாய் மினுங்கியது. "நல்லாத்தானே கிடக்கு?" என்றார் அண்ணை. குத்தினேன்.

பிடி வரைக்கும் இறங்கியது. இழுத்தெடுத்தபோது ஓட்டையால் வளவின் மணல் தெரிந்தது. இன்னொரு இடத்தில் குத்தினேன், அங்கேயும் மணல் தெரிந்தது. முதலாளி பேனையும் கையுமாக ஓடி வந்தார். "என்ர வானை உடைக்கிறாளே! நல்ல வானைக் குத்தி ஓட்டையாக்கிறாள்!" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அம்மா கேட்டிருந்தால் வாயில் அடித்திருப்பா என்று மட்டும் தெரியும். சேவியர் அண்ணை குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விளிம்பு உடைந்து கறள் தூளாய்க் கொட்டியது. அவர் அப்படியே படியில் இருந்துவிட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது நம்புகிறீர்களா என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, கத்திக்கொண்டு நின்ற முதலாளியையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டையன் பக்கம் நடந்தார். கதவைத் திறந்தார். விரிப்பைத் தானே தூக்கினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்:

"அதை இஞ்ச தாங்கோ பிள்ளை. மற்றதையும் நானே குத்திப் பாக்கிறன்."

குத்துப்பட்டும் ஓட்டை விழாத கட்டையன் விடத்தல்தீவுக்குப் போய்விட்டது, உயரன் புதுப் பலகையும் புதுப் பூச்சுமாக இன்னும் அதே முன்பக்கத்தில் நிற்கிறது, நான் மட்டும் அங்கே இல்லை. ஆகமொத்தம் வான் வியாபாரத்தில் நான் கண்ட ஒரே நியாயம், பட்டதாரியின் வாயை நம்பாத சனம் ஸ்குரூ டிரைவரின் வாயையாவது நம்பியது என்பதுதான்.