வானத்தைப் பார்க்காத டவர்கள்

அந்த அலைபேசி நிறுவனத்தில் டவர்க்கா என்ற பட்டப்பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்கும் தெரியும். நாற்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகள், தையல்காரக் கணவர். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டும் பையில் ஸ்பேனருமாக நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஏறி, ஆன்டெனாக்களைத் திருப்பிப் பூட்டிவிட்டு இறங்குவது அவள் வேலை. ஊரில் யார் வீட்டில் சிக்னல் வரும், யார் ஜன்னலோரம் நின்று கத்த வேண்டும் என்பது அவள் கை ஸ்பேனரில் இருந்தது.

மேலாளருக்கு ஏணி என்றாலே தலை சுற்றும். ஆனால் திட்டங்கள் மட்டும் ஆகாயத்தில்தான் போடுவார். ஒரு விமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். இனிமேல் விமானங்கள் நம் மொபைல் பிராட்பேண்டிலேயே தரையோடு பேசும். வானிலை, என்ஜின் நிலவரம், பயணிகளின் வீடியோ அழைப்பு எல்லாம் இருக்கிற டவர்கள் வழியாகவே போகும், புதிதாக ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம் என்றார். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த டவர்க்கா எழுந்தாள்.

"சார், நம்ம ஆன்டெனா எல்லாம் கீழ பாத்துல்ல சாஞ்சிருக்கு? நான்தானே சாய்ச்சேன். மேல போற பிளேனுக்கு எப்படி சார் எட்டும்?"

"ஏம்மா, டவர்ல ஏறுறது உங்க வேலை. யோசிக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோமே."

"ரொம்ப உயரத்துல போனா எல்லா டவரும் ஒரே நேரத்துல தெரியும் சார். எதைப் பிடிக்கறதுன்னு தெரியாம பிளேன்ல இருக்கற கருவி திணறிப்போயிடும்."

"உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

வெள்ளோட்ட நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. நிறுவனத்தின் தலைவரே ஒரு சிறு விமானத்தில் ஏறினார். அவர் மேலிருந்து பேசுவதை நிருபர்கள் பெரிய திரையில் பார்ப்பதாக ஏற்பாடு. விமானம் கிளம்பிய முதல் ஒரு நிமிடம் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். விமானம் இன்னும் கொஞ்சம் ஏறியதும் தலைவரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. பிறகு, பாதிக் கொட்டாவியோ பாதி வார்த்தையோ, வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பதினொரு நிமிடம் அந்த வாய் மூடவே இல்லை. நடுநடுவே குரல் மட்டும் வந்தது: "புரட்சி... கேக்குதா?... புர... யோவ், கேக்குதா?" நிருபர்கள் அதை மட்டும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்கள்.

இறங்கி வந்த தலைவரிடம் மேலாளர், "மேகம் சார்" என்றார்.

வெளியே வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. தலைவர் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். காரில் ஏறிப் போனார்.

மறுநாள் காலையே டவர்க்காவுக்கு மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

"எல்லா ஆன்டெனாவையும் மேல பாத்துத் திருப்பிடுங்க."

"அப்புறம் கீழ இருக்கறவங்க எப்படி சார் பேசுவாங்க?"

"அதெல்லாம் பேசிப்பாங்க. சொன்னதைச் செய்யுங்க."

"எழுதிக் குடுங்க சார். தலைகீழா வேணும்னாலும் திருப்பிடறேன்."

மேலாளர் படித்துக்கூடப் பார்க்காமல் முப்பத்தெட்டு டவர்களின் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். உத்தரவை அப்படியே நிறைவேற்ற டவர்க்கா கிளம்பினாள். பட்டியலில் பதினேழாவதாக இருந்த டவரை முதலில் எடுத்துக்கொண்டது மட்டும் அவள் சொந்த முடிவு. அது மேலாளர் குடியிருந்த தெருவில் இருந்தது.

மதியத்துக்குள் மேலாளரின் மனைவி ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "போன் கம்பெனியில மேனேஜர்! வீட்ல போன் செத்துக் கிடக்கு! பக்கத்து வீட்டுக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேலாளர் முகத்தில் அசடு வழிந்ததை மாடி முழுவதும் பார்த்தது.

சாயங்காலம் அவரே டவர்க்காவைத் தேடி வந்தார். குரல் இறங்கியிருந்தது. "இப்ப என்னதாம்மா பண்றது?"

"கீழ பாக்கறது கீழயே பாக்கட்டும் சார். மேல பாக்கறதுக்குன்னு தனியா புதுசு வைக்கணும். அதுவும் எல்லாத்துலயும் வேண்டாம். பிளேன் போற பாதையில ஆறு டவர்ல வச்சா போதும். ஒண்ணை விட்டா அடுத்ததை நேரா போய்ப் பிடிச்சுக்கும்."

புது ஆன்டெனாக்கள் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. ஆறு டவர்களிலும் அவளே ஏறிப் பூட்டினாள். இரண்டாம் வெள்ளோட்டத்தில் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். ஒரு சொல்கூட அறுபடவில்லை. இந்தத் தடவை சிக்னல் அறுந்தால் தேவலை என்று அரங்கமே ஏங்கியது. அந்த வருடத்தின் சிறந்த சிந்தனையாளர் விருது மேலாளருக்குப் போயிற்று. நன்றியுரையில் அவர் தன் மனைவி உட்பட இருபத்துமூன்று பேரின் பெயரைச் சொன்னார். டவர்க்காவின் பெயர் அதில் இல்லை. அவளுடைய சொந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தால் அல்லவா சொல்வதற்கு.

ஆனால் பாதை நெடுகச் சிக்னலை அளக்க ஒருவர் விமானத்தில் போயாக வேண்டியிருந்தது. மேலாளருக்கு உயரம் ஆகாது. அதனால் டவர்க்கா வாழ்க்கையில் முதல் தடவையாக விமானத்தில் ஏறினாள். மடியில் அளவுக் கருவி, ஜன்னலோர இருக்கை. ஆறாவது டவரைத் தாண்டியதும் கணவருக்கு போன் போட்டாள்.

"எங்க இருக்க?"

"மேலங்க."

"எந்த டவர்ல?"

"டவர் இல்லீங்க, பிளேன்ல! குரல் தெளிவா கேக்குதா?"

தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி கேக்குது. பெல்ட் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்" என்று சிரித்துவிட்டு, குரலைப் பற்றி அவர் சொன்னதை அளவுக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.