துரை போகாத தட்டு

நேற்று எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்டுக்குள் கால் வைத்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. கூட வந்தவர் ஏதோ கெமிக்கல் என்றார். எனக்கா தெரியாது? பூனை மூத்திரம். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இந்த வாடை பட்டால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் ஒரு பூனையிடம் தோற்றவர் இல்லையே.

தொண்ணூறுகளின் நடுவில், கொக்கிரகுளத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வண்ணார்பேட்டையில் மாடி அறை. கீழே வீட்டுக்கார அண்ணாச்சி. லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். பிள்ளைகள் கிடையாது. ஆக வீட்டில் அவர் சம்சாரம் மதினியும் துரையும்தான். துரை என்பது பூனை. அயிலை மீனின் நடுத்துண்டு அவனுக்கு, வால் மதினிக்கு.

மாடிப்படிக்கு அடியில் பழைய டிரங்குப் பெட்டியின் மூடியை மல்லாத்திப் போட்டு, ஆற்று மண் பரப்பி, துரை வெளிக்குப் போக மதினி ஒரு தட்டு வைத்திருந்தார்கள். நான் குடிவரும் வரை அவன் அதில்தான் ஒழுங்காகப் போனானாம். நான் வந்து இரண்டு மாதத்தில் என் பாய், என் செருப்பு, வக்கீலுக்கு அடித்துவைத்த வழக்குத்தாள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தட்டைத் தவிர எல்லா இடமும் அவனுக்கு ஆகிவந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் நாள். படிக்கட்டு என் பொறுப்பு. மதினியிடம் நல்ல பேர் வாங்கும் ஆசையில் துரையின் தட்டிலும் பினாயிலைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, புது மண் போட்டு, அதன் மேலும் நாலு சொட்டு தெளிப்பேன். அவன் மோள மோள நானும் விடாமல் ஊற்றினேன்.

அப்போதுதான் ஸ்ரீவைகுண்டத்தில் பெண் பார்க்கக் கூப்பிட்டார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையை முதல் நாளே மடித்து வைத்தேன். காலையில் லேசாக ஈரம். தண்ணீர் தெளித்த ஈரம் என்று நினைத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வேர்க்க வேர்க்கத்தான் அந்த வாடை எழும்பியது. பெண் காபியோடு குனிந்தாள், நிமிர்ந்தாள், என் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போய்விட்டாள். அவளுடைய தாய்மாமா மூக்கை ஓர் உறிஞ்சு உறிஞ்சி, "வீட்ல பூனை வளக்கியளோ?" என்றார். பெண்ணுக்கு மேலே படிக்க ஆசையாம் என்று தரகர் மறுவாரம் வந்து சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதுதான் ஆத்திரம்.

ஆற்றைத் தாண்டி விட்டால் பூனை திரும்பாது என்பார்கள் எங்கள் பக்கம். எனக்கு ஆறு போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதினி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கருவாட்டைக் காட்டித் துரையைச் சாக்குக்குள் இறக்கி, மாஞ்சோலை பஸ் ஏறினேன். மலையில் சிறுத்தை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். மறைப்பானேன், அந்த நினைப்பு இனித்தது.

கண்டக்டர் சாக்கைப் பார்த்தார். "உள்ள என்னவே?"

"கோழி, அண்ணாச்சி."

துரை ஒரு குரல் கொடுத்தான்.

"எந்தூருக் கோழிவே இது?"

பஸ்ஸே சிரித்தது. மணிமுத்தாறு தாண்டி மலை ஏறும்போது என் மடி நனைந்தது.

இறங்கிய இடத்தில் விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு நின்ற ஓர் எஸ்டேட் அக்கா, என்னைக் கேட்காமலே சாக்கை அவிழ்த்தாள். "மூச்சு முட்டிராதா? என்ன செஞ்சிட்டு இது?"

"கண்ட எடத்துல மோளுதுக்கா."

"மண்ணு வைக்கலியா?"

"வச்சிருக்கு. வாரா வாரம் நானே பினாயில் ஊத்திக் கழுவுதேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க கக்கூஸ்ல மொளகாப்பொடிய தூவி வச்சா நீங்க போவியளா?"

எனக்குச் சுருக்கென்றது. துரை அதற்குள் அவள் இடுப்பில் ஏறிக் கண்ணை மூடிவிட்டான். பேர் கேட்டாள், சொன்னேன். "இங்கன பங்களாவுல ஏற்கெனவே ஒரு தொர இருக்காவ" என்று சிரித்தாள். "பினாயில நிறுத்துங்க, சரியாயிரும். கொண்டுட்டுப் போங்க."

பஸ் திரும்பி நின்றது. தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் தாய்மாமா மூக்கை உறிஞ்சியது கண்ணுக்குள் வந்து நின்றது. "நீங்களே வச்சுக்கோங்கக்கா" என்று சொல்லி, ஈரச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

மதினி நாலு நாள் தெருத்தெருவாக "துரை, துரை" என்று கூப்பிட்டு அலைந்தார்கள். வெள்ளிக்கிழமை தானே ஆற்றுக்குப் போய் ஒரு வாளி மண் அள்ளிவந்து தட்டில் பரப்பினார்கள். "இதுல பினாயில் ஊத்திராதிய தம்பி. அந்த வாடைக்குத்தான் போயிட்டோ என்னமோ." அதில் கோபமே இல்லை. நான் தலையாட்டினேன். அறையைக் காலி செய்து வரும்வரை வெள்ளிதோறும் அந்த மண் மாறியது.

இன்று ஆற்றில் அப்படி ஒரு வாளி மண்ணை அள்ளிவிட முடியாது. வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மாஞ்சோலை எஸ்டேட்டை மூடி, தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்தும் சனங்கள் இறங்கிவிட்டார்கள். அந்த அக்கா எந்த ஊரில் இருக்கிறாளோ. மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். துரை மலையில் சௌக்கியமாக இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே போய்க் கூட்டிவந்துவிடுவார்கள் என்றுதான் சொல்லவில்லை.