காஸ்பர் பிரபு வந்த சாயங்காலம்

நான் அன்று குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. டோர்ட்ரெக்ட் ஊரில், பிரபு ரைனாவுட் வீட்டில் இருபத்தொரு வருஷம் சாப்பாடு பரிமாறியவன் நான். பெயர் டீர்க். என் மனைவி நேலின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்... இதில் ஒரு சொல்கூட நான் கட்டியது இல்லை.

முதலில் பிரபுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டையும் ஆண்ட ஸ்பெயின் ராஜாவின் அரண்மனையில் வளர்ந்தவர். ராஜாவோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர். வேதத்தை எங்கள் பாஷையில் படித்த குற்றத்துக்காக எங்கள் ஜனங்களைச் சந்தைத் திடலில் வைத்து எரித்தபோது, அந்த மேஜையை விட்டு எழுந்து வந்துவிட்டார். கலகக்கொடி பிடித்தார். ராஜா சும்மா இருப்பாரா? பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மூத்த பையனை ஸ்பெயினுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பையனுக்குப் பதின்மூன்று வயது. அப்புறம் தகப்பன் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. நிலம் போனது. வெள்ளிப் பாத்திரமெல்லாம் உருகிச் சிப்பாய்களுக்குப் போனது. இரண்டு முறை படை திரட்டினார். இரண்டும் தோற்றன. மூன்றாவது படையைத் தம்பி காஸ்பரிடம் கொடுத்து, மாஸ் ஆற்றுப் பக்கம் அனுப்பினார்.

அந்தப் படையில் என் மகன் யோரிஸும் போனான். பத்தொன்பது வயது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிரபுவே என்னைக் கூப்பிட்டார்.

"விடு டீர்க். என் தம்பி அவனைப் பாத்துப்பான். நான் பொறுப்பு."

அதற்குமேல் ஒரு வேலைக்காரன் என்ன பேச முடியும்?

1574, ஏப்ரல் பதினாறு. சாயங்காலம் சரியாக நாலு மணி. பெரிய கோயில் மணி அடித்து ஓய்ந்தது. நல்ல வெயில். ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்து அறையில் பிரபு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. இறகுப் பேனா காகிதத்தில் கிறீச்... கிறீச்... என்று ஓடுவது எனக்குக் கேட்டது. நான் மேஜையில் ரொட்டியும் உப்பு மீனும் எடுத்து வைத்தேன்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்.

காஸ்பர் பிரபு உள்ளே வந்தார்.

குதிரைச் சத்தம் கேட்கவில்லை. வாசல் நாய் குரைக்கவில்லை. அதெல்லாம் பிற்பாடு யோசித்தது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம்தான். அவர் வந்துவிட்டால் யோரிஸும் வந்திருப்பான் அல்லவா?

"என்ன டீர்க், இன்னும் கொழுத்துட்டே! எங்க அண்ணன் பங்கையும் நீயே முழுங்கறியா?"

எப்போதும் செய்கிற கேலி. அவர் குரல்தான். ஆனால் உதடு... குரலுக்குக் கொஞ்சம் பிந்தி அசைந்தது.

"சண்டை முடிஞ்சுதா பிரபு?"

"முடிஞ்சுது."

"ஜெயிச்சோமா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். பீர் ஊற்றி வைத்தேன். தொடவில்லை. இடுப்பு வரை கருஞ்சேறு. சொட்டு... சொட்டு... என்று விழுகிற சத்தம்.

ஊரில் பத்து நாளாக மழை இல்லை.

குனிந்து பார்த்தேன்.

தரை காய்ந்து கிடந்தது.

"எம் பையன் எங்க பிரபு?"

"அண்ணன்கிட்ட சொல்லு. இனிமே ஆள் அனுப்ப வேணாம்."

"எம் பையன்..."

பக்கத்து அறையில் பேனாச் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது? தெரியவில்லை.

திரும்பினேன். கதவருகே பிரபு.

மறுபடி நாற்காலியைப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

"யாரோட பேசினே?" பிரபுவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"காஸ்பர் பிரபு... இப்ப... ஆள் அனுப்ப வேணாம்னு..."

"உனக்கு உடம்பு சரியில்ல. போய்ப் படு."

கோயில் மணி கால் அடித்தது. நாலே கால்.

பதினோரு நாள் செய்தியே இல்லை. தினமும் பிரபுவிடம் கேட்டேன். "இன்னும் இல்ல டீர்க், பொறு" என்றார். ஆறாம் நாள் நேல் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். யோரிஸுக்காக அவளே பின்னிய கம்பளிக் காலுறை.

"கால் நனைஞ்சா அவனுக்கு இருமல் பிடிச்சுக்கும், பிரபு. எப்படியாவது சேர்த்துடுங்க."

பிரபு தன் கையாலேயே வாங்கித் தூதனிடம் கொடுத்தார். அந்தத் தூதனோடு நாற்பது புது ஆட்களும் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் செய்தி வந்தது. ஆற்றோரச் சதுப்பில் படை மொத்தமும் அழிந்துவிட்டது. ஏப்ரல் பதினாறாம் தேதி, காலை பத்து மணிக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். காஸ்பர் பிரபுவின் உடல் கிடைக்கவில்லை. யோரிஸும் கிடைக்கவில்லை. அந்த நாற்பது பேரில் திரும்பி வந்தது மூன்று பேர்.

நேல் அதற்குப் பிறகு பிரபு வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் மட்டும் பரிமாறிக்கொண்டே இருந்தேன். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தானே, அவருக்கும் தெரியாதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்படியே பத்து வருஷம் ஓடியது.

பிரபு நோயில் விழுந்து இறந்தார். ஊரே அழுதது. நானும் அழுதேன். அடக்கம் முடிந்த மறுநாள், அவருடைய தங்கை மார்கிரீட் சீமாட்டி என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பழைய கடிதம்.

"உன் பையன் பேரு யோரிஸ்தானே?"

"ஆமாம் சீமாட்டி."

"அண்ணன் எனக்கு எழுதினது. உனக்கு ஆறுதலா இருக்கும்னு எடுத்துட்டு வந்தேன்."

எனக்கு வாசிக்கத் தெரியாது. அவரே வாசித்தார். ஏப்ரல் பதினாறு, மாலை நாலரை மணிக்கு எழுதியது.

'காஸ்பர் இப்போது வந்துவிட்டுப் போனான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவன் உயிரோடு இல்லை. படையும் இருக்காது. வெளியே சொன்னால் மிச்சமிருக்கும் ஆட்களும் கலைந்துவிடுவார்கள். சொல்லப்போவதில்லை. டீர்க் காஸ்பரை மட்டும்தான் பார்த்தான். யோரிஸும் வந்திருந்தான். கால் மணி நேரமும் தகப்பன் முதுகோடு ஒட்டி நின்று, சட்டையைப் பிடித்து இழுத்தபடி, அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் டீர்க் திரும்பினான். பையனின் முகத்துக்கு நேராகத்தான் திரும்பினான். ஆனால் அவன் பார்த்தது என்னை.'