மார்லீனின் கொடிகளுக்கு ஒரே ஒரு வாசகன்

மார்லீன் கோப்கோ முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல் அவளுடையது. ஓய்வு பெற்ற அன்று கம்பெனி அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. "இனிமே நேரம் பார்த்து நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன்?" என்று அதைத் தங்கச்சி மகளுக்குத் தள்ளிவிட்டு, வீட்டு முன்னால் புல்தரையில் இருபத்தைந்தடி அலுமினியக் கம்பம் ஒன்றை நட்டாள். புருஷன்காரன் அதற்கு எட்டு வருஷம் முன்பே ஒரு படகை வாங்கி, அந்தப் படகை விற்ற பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்திருந்தான். ஆகவே புல்தரையில் என்ன நட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

கம்பத்தின் உச்சியில் எப்போதும் அமெரிக்க நாட்டுக் கொடி. அதற்குக் கீழே, திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஒரு பழைய கொடி. சுதந்திரப் போர் நாளில் பிடித்தவை, கப்பலில் பறந்தவை, பட்டாளத்தோடு போனவை என்று இருபத்துமூன்று கொடிகளை இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. எந்த வருஷத்துக் கொடி, யார் பிடித்தது, அந்தப் பாம்புக்கு என்ன அர்த்தம், இந்த மரத்துக்கு என்ன அர்த்தம் என்று டைப் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தெருவோரம் ஒரு குச்சியில் மாட்டி வைப்பாள். பஸ்ஸில் சரித்திரம் சொல்லிக்கொடுக்க அவளுக்கு அனுமதி இருந்ததில்லை. இப்போது ஊருக்கே சொல்லலாமே!

ஊர் படித்ததா என்று கேட்டால், அதுதான் இல்லை. ஹார்னர்ஸ் ரன் என்ற அந்த ஊரில் எவனுக்குக் கார்டு படிக்கப் பொறுமை? கொடியைக் கண்ட மாத்திரத்திலேயே ஆளுக்கொரு அர்த்தம் கைவசம் தயாராக இருந்தது. மஞ்சள் துணியில் சுருண்ட பாம்பும் 'என்னை மிதிக்காதே' என்ற எழுத்துமாக, இந்நாளில் ஒரு கட்சிக்காரர்கள் தங்களுடையதென்று தூக்கித் திரியும் ஒரு கொடியை ஏற்றினாள். நூலகத்தில் வேலை பார்க்கும் பெவர்லி அன்றிலிருந்து அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தாள். கூரை மாற்றித் தரும் டக் என்பவனோ வண்டியை நிறுத்தி இறங்கி வந்து கை கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் ஈரி ஏரிச் சண்டையின் நீலக் கொடி, 'கப்பலைக் கைவிடாதே' என்று. கண்ணாடித் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்த நேரம் அது. வேலை போன இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, "எங்களுக்காக ஏத்தியிருக்கீங்களே" என்று கண்ணீர் விட்டார்கள். அவர்களை உட்கார வைத்துக் காபியும் வால்நட் ரொட்டியும் கொடுத்து அனுப்பினாள். அந்தக் கொடியைத் தூக்கிப் பிடித்த தளபதியே நடுச்சண்டையில் தன் கப்பலைக் கைவிட்டுச் சின்னப் படகில் ஏறி வேறு கப்பலுக்குப் போனவர் என்று கார்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. படித்தால்தானே! இப்படியாக ஒரே மாதத்தில் மார்லீன் இந்தக் கட்சிக்காரியாகவும் இருந்தாள், அந்தக் கட்சிக்காரியாகவும் இருந்தாள்.

ஊரிலேயே அவள் கார்டை எழுத்து விடாமல் படித்தவன் ஒரே ஒருவன். எதிர்வீட்டு கேரி வுகோவிச். மனைவியை இழந்தவன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பட்டாளத்தில், ஜெர்மனியில், சாமான் கிடங்கில் காலுறை எண்ணியவன். அதற்கே அவன் நடை இன்றைக்கும் அணிவகுப்பு மாதிரிதான் இருக்கும். கொடியை எப்படி ஏற்ற வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்ற சட்டப் புத்தகம் ஒன்று எப்போதும் அவன் சட்டைப் பையில். தினமும் காலையில் காபியோடு சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து, மான் வேட்டைக்கு வாங்கிய பைனாகுலரால் மார்லீனின் கார்டைப் படிப்பான். தப்புக் கண்டுபிடிக்கத்தான், வேறெதற்கு? மழையில் கொடி நனைந்தால் கத்துவான். சாயங்காலம் இறக்கப் பத்து நிமிஷம் தாமதமானால் கத்துவான்.

போன வருஷம் மார்ச்சில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊரே மீன் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தது. மார்லீன் பொரித்த மீனும் முட்டைகோஸ் நூடுல்ஸும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே தட்டோடு வந்து நின்றான் கேரி.

"மார்லீன், உன் பைன் மரக் கொடிக்கு 1776-ன்னு போட்டிருக்க. அது 1775."

"மீனைத் தின்னு கேரி, ஆறிடப் போவுது."

"தப்பைத் தப்புன்னு சொன்னா கோவம் வருதாக்கும்?"

"இந்த ஊர்ல ரெண்டாயிரம் பேர் இருக்காங்க. ஒருத்தராவது என் கார்டைப் பத்தி மூச்சு விட்டிருக்காங்களா? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? உன்னை யார் படிக்கச் சொன்னா?"

"கண்ணு முன்னாடி தொங்குது, படிக்கிறேன்."

"கண்ணு முன்னாடியா! பைனாகுலர் வெச்சுல்ல படிக்கிற! தனியா இருக்குற பொம்பள வீட்டை பைனாகுலர் வெச்சுப் பாக்குறவனுக்கு என்ன பேருன்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. கேரியின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்தான்.

"சத்தியமா சொல்றேன். இனிமே உன் கம்பத்தை நான் ஏறெடுத்துப் பார்த்தா, என்னை என்னன்னு கேளு."

வீட்டுக்குப் போனதும் சமையலறைத் திரையை இழுத்து மூடினான். விட்டது தொல்லை என்று மார்லீன் சொல்லிக்கொண்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தத் திரையை எத்தனை தடவை எட்டிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

திங்கள் வந்தது. மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை. பனி வாரும் வண்டி தெருவில் கிடந்ததையெல்லாம் தள்ளித் தள்ளி, வீடுகளுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவரே எழுப்பியிருந்தது. மார்லீன் கார்டுக் குச்சியை அந்தச் சுவரின் மேலேயே குத்தி வைத்திருந்தாள். எட்டு மணிக்கு நாட்டுக் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தாள். பனிக்கு அடியில் வழுக்குப் பாளமாக ஐஸ் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. சறுக்கி விழுந்ததும் இடுப்பில் கடக்கென்று ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது, ஆனால் வந்த வலி லேசுப்பட்டதாக இல்லை.

போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. வாசலுக்கு முப்பதடி. ஒரு முழம் நகர்ந்து பார்த்தாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கத்தினாள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை அடக்கிய குரலைப் பனிச்சுவர் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. கைக்கு எட்டியது இரண்டே பொருள்தான். ஒன்று கம்பத்துக் கயிறு. இன்னொன்று மார்பில் இருந்த கொடி.

அந்த யோசனை வந்ததும் அவளுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. கொடியைத் தலைகீழாக ஏற்றுவது ஆபத்தில் இருப்பவர்களின் அடையாளம். தேர்தலில் தோற்றவர்களெல்லாம் ஆத்திரத்துக்கு அப்படி ஏற்றியபோது அவள் தலையில் அடித்துக்கொண்டவள். உயிருக்கோ உடைமைக்கோ பேராபத்து வந்தாலொழிய அப்படிச் செய்யக் கூடாது என்று தனிக் கார்டே போட்டவள். இது பேராபத்தா? படுத்தபடியே யோசித்தாள். கால் விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. சரி, பேராபத்துதான் என்று முடிவு கட்டினாள். விறைத்த விரலால் கொக்கிகளை மாற்றி மாட்டி, மல்லாந்து கிடந்தபடியே கயிற்றைச் சாண் சாணாக இழுத்தாள். நட்சத்திரங்கள் கீழே தொங்க, கொடி உச்சிக்குப் போய்ப் படபடத்தது.

முதலில் வந்தது டக்கின் வண்டி. ஊரில் ஓடும் எஞ்சின் ஒவ்வொன்றும் அவளுக்குப் பழக்கம். வண்டி மெதுவானது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மூன்று தடவை ஹாரன் அடித்தான் டக். "அப்படிப் போடு மார்லீன்! யாராச்சும் கேக்கணும்ல!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டுப் போயே போய்விட்டான்.

அடுத்தது பெவர்லியின் சின்னக் கார். நின்றது. கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"சீ! இவளா இப்படி!" என்றாள் பெவர்லி. பிறகு போனில் படம் பிடிக்கும் 'க்ளிக்' சத்தம் கேட்டது. மார்லீன் மூச்சைத் திரட்டி, "பெவ்! கீழ பாரு! கீழ!" என்று கத்துவதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

அதற்கப்புறம் யாரோ ஒருவன் போகிற போக்கில் கெட்ட வார்த்தை சொன்னான். இன்னொருத்தி கைதட்டினாள். எல்லாரும் கொடியைத்தான் பார்த்தார்கள், கொடிக்குக் கீழே யார் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. மார்லீனுக்குப் பயம் வந்துவிட்டது. வாய்விட்டு அழுதாள். இந்த ஊரில் அந்த அர்த்தத்தைக் கார்டில் படித்தவன் ஒரே ஒருவன், அவன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், அந்தத் திரையை மூட வைத்தது தன் வாய்தான் என்று நினைத்து நினைத்து அழுதாள். கண்ணீர் காதுக்குள் போய் ஜில்லிட்டது. கொஞ்ச நேரத்தில் குளிர்கூடத் தெரியவில்லை. தூக்கம் தூக்கமாக வந்தது.

எதிர்வீட்டில் நடந்தது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெவர்லியின் படம் ஊருக்கெல்லாம் போய்விட்டது. பார்த்தவர்கள் கேரிக்குப் போன் போட்டார்கள். "சத்தியம் பண்ணியிருக்கேன், பாக்க மாட்டேன்" என்று நாலு பேரிடம் சொன்னான். ஐந்தாவது ஆள் அவன் மச்சான்.

"நீயெல்லாம் பட்டாளத்துக்குப் போனவன்னு வெளிய சொல்லாத" என்றான்.

அவ்வளவுதான். குளியல் அங்கியும் ரப்பர் பூட்ஸுமாகச் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கேரி புறப்பட்டான். தொடை வரைக்கும் புதையப் புதையப் பனிச்சுவரில் ஏறி உச்சியில் நின்றான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பார்வை முழுக்கக் கொடி மேலேயே.

"மார்லீன்! வெளிய வா! உன் அட்டகாசத்தையெல்லாம் பொறுத்துக்கிட்டேன், இதைப் பொறுக்க மாட்டேன். கேட்டுக்க, எட்டாம் பிரிவு. நட்சத்திரக் கட்டம் கீழ வர்ற மாதிரி கொடியை ஒருக்காலும் ஏத்தக் கூடாது. உயிருக்கோ உடைமைக்கோ பேராபத்து வந்து, உதவி கேக்குறதைத் தவிர..."

"அதேதான்" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

கேரி புத்தகத்தைத் தாழ்த்தினான். "அதேதான்னா?"

"நீ இப்பப் படிச்ச பாரு, கடைசி வரி. அதுக்குத்தான் ஏத்தினேன், கேரி."

அவன் உருண்டானா குதித்தானா என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த நொடி பக்கத்தில் இருந்தான். அங்கியைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான். உள்ளே போட்டிருந்த நீளக் கம்பளிக் காலாடையோடு பனியில் உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். அவள் கையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, "முட்டாள், முட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரைச் சொன்னான் என்று அவளும் கேட்கவில்லை. கொஞ்சம் ஆசுவாசமானதும் மேலே பார்த்தான்.

"நேராக்கிடட்டுமா?"

"ஆம்புலன்ஸ் வரட்டும். பேராபத்து இன்னும் முடியல."

வந்த ஆம்புலன்ஸ்காரன் அவள் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் போனவன். "மிஸ் மார்லீன், கொடியைப் பார்த்தேன். நீங்க என்னமோ போராட்டம் பண்றீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றான். அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை.

ஐந்து வாரம் மருத்துவமனை. இடுப்பு முறிந்த செய்தி கொடியின் படம் போன வேகத்துக்குப் போகவில்லை. வந்த கடிதங்களில் பாதி அவளைத் துணிச்சல்காரி என்றன, பாதி துரோகி என்றன. ஒரு கட்சிக்காரர் நேரிலேயே பூங்கொத்தோடு வந்து, உள்ளூர்த் தேர்தலில் நிற்கிறீர்களா என்று கேட்டார். கீழே விழுந்துவிட்டேன், அதனால் ஏற்றினேன் என்று சொல்லிப் பார்த்தாள். "புரியுது, புரியுது, இப்போதைக்கு அப்படியே சொல்லுங்க" என்று கண்ணடித்துவிட்டுப் போனார். மார்லீன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரலில், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பனி போயிருந்தது. உச்சியில் நாட்டுக் கொடி நேராகப் பறந்தது. கீழே ஈரி ஏரியின் நீலக் கொடி. இந்த ஐந்து வாரமும், அலமாரியில் இருந்த அவளுடைய பட்டியலைப் பார்த்து, திங்கள் தவறாமல் கேரியே மாற்றியிருக்கிறான். குச்சியில் கார்டும் இருந்தது. ஆனால் தெருவைப் பார்த்து இருக்கவேண்டிய கார்டு அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஜன்னல் கட்டையில் அந்த மான் வேட்டை பைனாகுலர்.

மார்லீன் நாற்காலியில் உட்கார்ந்து, பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் திருகினாள். கேரியின் கோணல்மாணலான பெரிய எழுத்து. முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"கேரி, ஈரி ஏரிச் சண்டைக்கு 1812-ன்னு போட்டிருக்க. அது 1813."

எதிரே சமையலறை ஜன்னலில் திரை இல்லை. காபிக் கோப்பையும் கையுமாக அவன் எழுந்து நிற்பது தெரிந்தது.

"உன்னை யார் படிக்கச் சொன்னா?" என்றான் கேரி. குரலில் அப்படியொரு சந்தோஷம்.