மட் டயர் மாப்பிள்ளை

என் மாமனாருக்கு இரண்டு மருமகன்கள். சின்னவரை 'மாப்ள' என்பார். மூத்தவனான என்னை 'சார்' என்பார். பெண் பார்க்கப் போன அன்று, நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார் என்று தரகர் சொன்னதும், "வாங்க சார், உக்காருங்க சார்" என்று ஆரம்பித்தவர்தான். கல்யாணம் முடிந்து இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. மகளுக்குக் காது குத்தியபோதுகூட, "சார், மாலைய எங்க வச்சீங்க?" என்றுதான் கேட்டார். இந்த மதுரையில் டீக்கடையில் முன்பின் தெரியாதவனையே மாப்ள என்கிறார்கள். பெண்ணைக் கொடுத்த மனுஷனிடம் எனக்கு அது வாய்க்கவில்லை.

சகலை என்னைவிட ஆறு வயது இளையவர். போர்வெல் போடுகிற தொழில். ஜீப் வைத்திருக்கிறார், அதில் சேற்றுக்கென்றே செய்த மட் டயர். பாளம் பாளமான பட்டைகள், நடுவில் கட்டைவிரல் நுழைகிற இடைவெளி. அவர் ஜீப் வாங்கி நாலாவது மாதம் அதே மாதிரி ஜீப்பை நானும் வாங்கினேன். கேட்டவர்களிடம் பிள்ளைகளுக்காக என்று சொன்னேன். பிள்ளைகளே நம்பவில்லை. தெப்பக்குளம் பக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கல்லூரி வரைக்கும் தார் ரோடு. வழியில் இருக்கிற பெரிய மேடு ஒரு வேகத்தடை.

மாமனாருக்குத் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் நிலம் இருக்கிறது, பருத்தி போட்டிருப்பார். போன ஐப்பசியில் நல்ல மழை. பருத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். நான் முந்திக்கொண்டு, "என் வண்டியில போவோம் மாமா" என்றேன். வண்டிப்பாதையில் இறங்கி நூறு அடி போகவில்லை. கம்பெனியில் போட்டுக் கொடுத்த டயரில் கரிசல் மண் அப்பிக்கொண்டு, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மாமனார் சகலைக்குப் போன் போட்டார். அவர் வந்து கயிறு கட்டி, ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். மாமனார் அவர் வண்டியின் பானெட்டைத் தட்டி, "மாப்ளன்னா மாப்ளதான்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சார், பாத்து எறங்குங்க, செருப்பு மாட்டிக்கிரும்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை மறைக்கவும் தெரியவில்லை. சகலை நீட்டிய தண்ணீர் பாட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல தாகம் வேறு.

மறுநாள் டயர் கடையில் போய் நின்றேன். சகலைக்கு டயர் மாட்டிக் கொடுத்த அதே கடை. கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எம்புட்டு நாள் சேத்துல எறக்குவீங்க சார்?"

"அடிக்கடி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "ஒங்களுக்கு ஆல் டெரெய்ன் போதும் சார். ரோட்டுல நிம்மதியாப் போகலாம். சரளை, செம்மண்ணு, மணலு எல்லாத்துலயும் ஏறும். நல்ல கரிசச் சேத்துல மட்டும் கொஞ்சம் தெணறும். மட் டயர் சேத்த வெளிய தள்ளிட்டுப் போயிரும். ஆனா ரோட்டுல கத்தும் சார். மழை ரோட்டுல பிரேக்கும் அம்புட்டு நல்லாப் பிடிக்காது."

"எங்க சகலைக்கு மட் டயர்தானே போட்டீங்க?"

"அண்ணனுக்கா? அண்ணன் தெனமும் காட்டுலல்ல கெடக்காரு."

இங்கேயும் அவர் அண்ணன், நான் சார். "அதையே போடுங்க. கத்துனா கத்தட்டும்" என்றேன்.

கத்தியது. ரிங் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் வண்டிக்குள் மாவு மில் ஓடுவது போல ஒரு இரைச்சல். என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டுச் சைகைக்கு வந்தாள். கல்லூரியில் பையன்கள் நான் கேட்டுக்கு வருமுன்பே எழுந்து நின்றார்கள். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்காகக் காத்திருந்தேன். போனில் வானிலையைப் பார்த்துப் பார்த்து, எந்த விவசாயியும் ஏங்காத அளவுக்கு ஏங்கினேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கொட்டித் தீர்த்து, ஞாயிறு விடிந்தபோது மழை வெறித்திருந்தது. சகலை வேலையாகத் திண்டுக்கல் பக்கம் போயிருக்கிறார் என்று மனைவி சொன்னாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமனார் முன் சீட்டில் ஏறினார், அவள் அவருக்குப் பின்னால். அதே வண்டிப்பாதை. ஐப்பசியில் நான் மாட்டிய பள்ளம் இன்னும் ஆழமாகக் கிடந்தது. வேகத்தைக் குறைத்து, சின்ன கியரில் இறக்கினேன். டயர் சேற்றைக் கடித்து, இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு, மேடேறி வரப்போரம் போய் நின்றது. மாமனார் டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டினார். நான் அதைப் பார்த்தேன்.

பருத்தியைப் பார்த்துவிட்டு, மறுநாள் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவரும் எங்களோடு மதுரைக்குப் புறப்பட்டார். நாலு வழிச்சாலையில் ஏறியதும் விரட்டினேன். டயர் ஊளையிட்டது. சேறு அப்பிய சக்கரத்தைப் போட்டோ எடுத்துச் சகலைக்கு எப்படி அனுப்புவது, கீழே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். 'சும்மா காட்டுப் பக்கம்' என்று மட்டும் எழுதலாம், அதுதான் அவருக்கு நன்றாக உறைக்கும் என்று முடிவு செய்தேன். அப்போது யாரோ தோளைத் தொட்டார்கள். மாமனார். என் காதருகே வந்து, "சார்! டீ சாப்புடுவமா?" என்று கத்தினார்.

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. இவ்வளவு செய்தும் சார். வண்டியை ஓரங்கட்டினேன். அந்த டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. சகலைக்குப் போட்டோவும் அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் உள்ளே போய்ப் படுத்தார். நான் குழாயை மாட்டி, டயர் இடுக்கில் இருந்த கரிசலைக் கோபத்தோடு கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி வாசலுக்கு வந்து நின்றாள்.

"எங்க அப்பா கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டீங்களா? அவரு மொகமே சின்னதாப் போச்சு."

"எப்பக் கூப்புட்டாரு? சார்னதும்தான் வண்டிய நிறுத்திட்டேனே."

"அதுக்கு முன்னாடிங்க. ரோட்டுல ஏறுனதும். அந்த டயர் சத்தத்துலயும் மாப்ள, மாப்ளன்னு ரெண்டு தடவ கூப்புட்டாரு. நீங்க பாட்டுக்கு ரோட்டயே பாத்துக்கிட்டு வந்தீங்க. நீங்க மதிக்கலையோன்னு நெனச்சிட்டாரு போல. அப்புறந்தான் தோளத் தட்டி சார்ன்னாரு."

தண்ணீர் டயரில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது போலிருந்தது.

"எப்படிக் கூப்புட்டாரு?" என்று கேட்டேன்.

"எப்படின்னா? மாப்ளன்னுதான்."

நான் போய்க் குழாயை மூடிவிட்டு வந்து, அவர் கூப்பிட்ட மாதிரியே இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.